முன் சுவரில் ஒரு முகம்

உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம் போகும் காலை பஸ். முன் சீட்டில் நடவு வேலை செய்கிற பெண்கள் இரண்டு பேர். மூத்தவள் சாதாரணமாகச் சொன்ன ஒன்றைக் கேட்டுக் கையிலிருந்த பேப்பரை மடித்துவிட்டேன்.

"என் மூஞ்சியக் கியிக்கணும்னா கவர்மெண்டு உத்தரவு வேணுமாம்."

"இன்னாக்கா சொல்ற?"

"பஞ்சாயத்துத் தலைவரு நெலத்துல நாத்து நட்டுக்கினு இருந்தப்ப பிளாக் ஆபீஸ்காரங்க போட்டா புடிச்சாங்களே, அத்தப் பெரிய நோட்டீஸா அடிச்சிட்டாங்க. ஆள் ஒசரமாம்."

"மொதல்ல தலைவரு சம்சாரத்தத்தான நிக்கச் சொன்னாங்க?"

"சேத்துல கால் வைக்க மாட்டேன்னுச்சு அந்தம்மா. அப்பறந்தான் என்னக் கூப்ட்டாங்க."

"பயமா இல்லியா ஒனக்கு?"

"இன்னா பயம்? போட்டாக்காரரு சிரிக்கச் சொன்னாரு. நடுறப்போ நான் சிரிக்கறதில்ல, இப்டியே புடின்னேன். புடிச்சாரு."

"எங்க ஒட்டிக்கீறாங்க?"

"தலைவரு வூட்டு முன்சொவத்துல. அங்க ஒட்னாதான் ஊரே பாக்குமாம். 'முன்மாதிரி விவசாயி'ன்னு போட்டுக்கீதுன்னு வாத்தியாரு படிச்சிச் சொன்னாரு."

"தலைவரு சும்மாவா வுட்டாரு?"

"கியிச்சிடலாமான்னு கேட்டாராம். கவர்மெண்டு நோட்டீசு, கை வைக்கக் கூடாதுன்ட்டாராம் ஆபீசரு."

சின்னவள் சிரித்தாள். மூத்தவள் சிரிக்கவில்லை.

"நீ பாத்தியாக்கா?"

"எங்க பாக்கறது? அந்த வூட்டுக்கு நாம கொல்லப்பக்கமாத்தான போவணும்."

பஸ் நின்று இரண்டு பேர் ஏறினார்கள். அவள் நகர்ந்து இடம் விட்டாள்.

"நாளைக்கு முன்பக்கமாப் போறேன். யாரப் பாக்க வந்தேன்னு கேட்டா, என்னத்தான்னு சொல்லிக்கிறேன்."