நாக்குக்கு அடியில் பத்து நிமிஷம்

இடம், கொல்லிமலையில் செம்மேட்டுக்கு அருகே ஒரு சிறிய ஆஸ்பத்திரியின் மாத்திரை அறை. 2006, ஒரு வியாழக்கிழமை காலை. அறையில் இருந்தவர்கள்:

ரஞ்சிதா. நர்ஸ். கீழே சமவெளியிலிருந்து வேலைக்கு வந்தவள்.

சாமியப்பன். காரவள்ளிக்காரன், லாரி டிரைவர். வடக்கே ஓட்டிய காலத்தில், கசகசாக் காயின் தோலை அரைத்த போதைத் தூளை டீயில் போட்டுக் குடித்துப் பழகியவன். அதை விடுவதற்காக நான்கு மாதமாகத் தினமும் பஸ்ஸில் மலையேறி வந்து இங்கே மாத்திரை போட்டுக்கொள்கிறான்.

ராசு. சாமியப்பனின் மச்சினன் என்று வருகை நோட்டில் எழுதியிருக்கிறது.

சாமியப்பன்: ...அதானுங்க சிஸ்டர், ஊட்டாளு ஒருத்தரக் கூட்டிட்டு வரச் சொன்னீங்க. கூட்டிட்டு வந்துட்டேன். ஒரு வாரத்து மாத்திரையக் கையில குடுத்துருங்க.

ரஞ்சிதா: நான் சொன்னது உங்க சம்சாரத்தை.

சாமியப்பன்: சம்சாரத்தோட தம்பிங்க இவன். ரெண்டும் ஒண்ணுதானுங்க.

ரஞ்சிதா: எப்படிங்க ஒண்ணாகும்?

சாமியப்பன்: ஒரே ஊட்டுலதான் இருக்கறான். ஒரே சட்டியிலதான் திங்கறான்.

ராசு: ஆ...ஆவ்... மன்னிச்சுக்கங்க சிஸ்டர். பஸ்ஸு வளைஞ்ச வளைவுல தலையெல்லாம் ஒரு மாதிரி...

ரஞ்சிதா: உள்ள வந்ததுல இருந்து நாலாவது கொட்டாவி.

சாமியப்பன்: அவன விடுங்க. வர்ற திங்கக்கெழமையில இருந்து கோழித்தீவன லோடுங்க சிஸ்டர். காலைல அஞ்சு மணிக்கு வண்டிய எடுத்தா இருட்டுனப்பறந்தான் ஊடு. தெனமும் மலையேறி வந்துட்டு நான் எப்படிங்க ஸ்டியரிங்கப் புடிக்கறது? இந்தத் தடவ வண்டியில ஏறலைன்னா முதலாளி வேற ஆளப் போட்டுருவாரு. சொல்லியே போட்டாரு.

ரஞ்சிதா: தெரியும். அதனாலதான் வாரத்துக்கு ஒருக்கா வந்தாப் போதும்னு டாக்டரே சொன்னாரு. ஆனா மாத்திரை உங்க கையில இருக்கக் கூடாது. வீட்ல ஒருத்தர் பூட்டி வெச்சு, தினம் ஒண்ணு எடுத்துக் குடுக்கணும். வாயைத் திறந்து பாக்கணும்.

ராசு: பாத்துருவேனுங்க. வாய்க்குள்ள டார்ச் அடிச்சுப் பாத்துருவேன்.

ரஞ்சிதா: சரி, முதல்ல இன்னைக்கு மாத்திரை. வாயைத் திறங்க சாமியப்பன். நாக்கைத் தூக்குங்க... இன்னும்... ம். மாத்திரை கரையற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது, எச்சில் முழுங்கக் கூடாது. பத்து நிமிஷம்.

சாமியப்பன்: ம்ம்.

ரஞ்சிதா: அதுக்குள்ள நான் உங்க மச்சினன்கிட்டப் பேசிக்கறேன்.

சாமியப்பன்: ம்ம்ம்?

ரஞ்சிதா: நீங்க பேசாதீங்க. ராசு, உங்க அக்கா பேரு?

ராசு: நாமகிரிங்க.

ரஞ்சிதா: எத்தனை குழந்தைங்க?

ராசு: மூ... ரெண்டுங்க. ரெண்டு.

ரஞ்சிதா: சாமியப்பன், கையைக் கட்டிக்கிட்டு உக்காருங்க. விரல் காட்டற வேலையெல்லாம் வேண்டாம்.

சாமியப்பன்: ம்.

ராசு: பெரியவ கௌசிகாங்க. சின்னவன்... சின்னவன் பையன்ங்க.

ரஞ்சிதா: கௌசிகாவுக்குக் காது குத்தினப்ப நீங்க இருந்தீங்களா?

ராசு: இல்லாமங்களா! கெடா வெட்டி, கறிச்சோறு போட்டாங்க. ரெண்டு பந்தியில உக்காந்தேன்.

ரஞ்சிதா: பொண்ணை யார் மடியில உக்கார வெச்சாங்க?

ராசு: இதென்னங்க கேள்வி, தாய்மாமன் மடியிலதானுங்க. சேந்தமங்கலத்துல இருந்து வந்திருந்தான், கருவாட்டு மூஞ்சிக்காரன் ஒருத்தன். புள்ள ஒதைச்ச ஒதையில அவன் புது வேட்டி...

சாமியப்பன்: ம்ம்ம்ம்!

ரஞ்சிதா: நீங்க நாமகிரிக்குத் தம்பி. அப்ப கௌசிகாவுக்குத் தாய்மாமன் யாரு?

ராசு: நானு... தானுங்களே?

ரஞ்சிதா: சாமியப்பன், தலையில அடிச்சுக்காதீங்க. மாத்திரை வெளிய வந்துரும்.

ராசு: சரிங்க, போகட்டும். மச்சினன் இல்லீங்க. பன்னண்டு வருசம் ஒரே வண்டிங்க. அவன் தூங்குனா நான் ஓட்டுவேன், நான் தூங்குனா அவன் ஓட்டுவான். மச்சினன் எவன்ங்க இப்படி இருப்பான்?

ரஞ்சிதா: நாமகிரியையே கூட்டிட்டு வந்திருக்கலாமே.

ராசு: அந்தப் புள்ளைக்கு எதுவுமே தெரியாதுங்க. மலைக்கோயிலுக்கு வேண்டுதல்னு சொல்லீட்டு வர்றான். அதும் நம்பிக்கிட்டு, தெனமும் வாழப்பழம், கற்பூரம் எல்லாம் கட்டிக் குடுத்தனுப்புது. ஊருக்குள்ள இவனச் சாமியாருங்கறாங்க.

ரஞ்சிதா: பழமெல்லாம்?

ராசு: பஸ்ஸுலயே தின்னுடறானுங்க.

ரஞ்சிதா: கற்பூரம்?

ராசு: கண்டக்டருக்குங்க. அவரு ஊட்டுல நாலு மாசமாக் கற்பூரமே வாங்கறதில்ல.

சாமியப்பன்: ம்ம்! ம்ம்ம்!

ரஞ்சிதா: சிரிக்க வைக்காதீங்க ராசு. சரி, சொந்தம் இல்லைன்னாலும் பொறுப்பான ஆளுன்னா டாக்டர் ஒத்துக்கலாம். ஒண்ணு கேக்கறேன். ஒரு நாள் மாத்திரை போடாம விட்டா அவருக்கு என்ன ஆகும்னு தெரியுமா?

ராசு: தெரியாமங்களா? மொதல்ல கொட்டாவி வரும். அப்பறம் மூக்கு ஒழுகும். வெயில்ல நின்னாலும் குளுரும். படுத்தா, கால் எலும்புக்குள்ள என்னமோ ஊரும். ஒதைச்சுக்கிட்டே கெடக்கோணும். வயிறு தண்ணியாப் போகும். அழுவாமயே கண்ணுல தண்ணி ஊத்தும்.

ரஞ்சிதா: அவரைப் பாத்துத் தெரிஞ்சுக்கிட்டீங்க.

ராசு: ...ஆமாங்க.

ரஞ்சிதா: எலும்புக்குள்ள ஊர்றது வெளிய இருந்து பாத்தா தெரியுமா?

ராசு: அவன் சொல்லுவானுங்க.

ரஞ்சிதா: இந்தாங்க, பஞ்சு. மூக்கைத் தொடச்சுக்கங்க.

ராசு: மலைக் குளுருங்க சிஸ்டர்.

ரஞ்சிதா: எனக்கு வேர்க்குது. ...சரி, நேரம் ஆச்சு. வாயைக் காட்டுங்க சாமியப்பன். நாக்கைத் தூக்குங்க. ம், கரைஞ்சிருச்சு. இப்பப் பேசலாம்.

சாமியப்பன்: ஏன்டா கருமம் புடிச்சவனே! தாய்மாமன் மடியிலன்னு சொன்ன வாயிக்கு, அது நாந்தான்னு ஒரு வார்த்தை வராதா?

ராசு: நாந்தான் பந்தியில இருந்தேனேடா! உண்மையச் சொன்னேன்.

சாமியப்பன்: உண்மையச் சொல்லவாடா உன்ன டிக்கெட் எடுத்துக் கூட்டிட்டு வந்தேன்?

ரஞ்சிதா: சண்டையை வெளிய வெச்சுக்கங்க. இன்னைக்குக் கையில குடுக்க முடியாது. நாளைக்கு நாமகிரியோட வாங்க.

சாமியப்பன்: அவகிட்ட என்னன்னுங்க சொல்றது?

ரஞ்சிதா: நாலு மாசமா அந்தத் தூளைத் தொடலைன்னு சொல்லுங்க. பெருமையான விஷயந்தானே?

சாமியப்பன்: அதுக்கு முன்னால தொட்டேன்னு சொல்லோணுமில்லீங்க?

ரஞ்சிதா: ஆமா.

சாமியப்பன்: பஸ்ஸுல வெச்சுச் சொல்லீர்றேனுங்க. எழுபது வளைவு இருக்குது. காட்டுல எறங்கிப் போயிட மாட்டா. மேல வந்து சேர்றதுக்குள்ள அழுது முடிச்சிருவா.

ரஞ்சிதா: அடி விழுந்தா?

சாமியப்பன்: கண்டக்டரு தடுப்பாரு. அத்தனை கற்பூரம் குடுத்திருக்கறேன்.

ரஞ்சிதா: அது உங்க பாடு. அவங்க வந்தா, ஒரு வாரத்து மாத்திரை நாளைக்கே அவங்க கையில. திங்கக்கிழமை வண்டியை எடுங்க.

சாமியப்பன்: நெசமாங்களா?

ரஞ்சிதா: நான் எப்பப் பொய் சொன்னேன்?

சாமியப்பன்: நீங்க சொல்லலீங்க. அதெல்லாம் நாங்கதான். ...சரிங்க சிஸ்டர். சொல்லீர்றேன் அவகிட்ட. நல்லாத்தான் இருக்கும், சொல்லீட்டா. வாடா ராசு, பஸ்ஸு திரும்பறதுக்குள்ள ஒரு டீ குடிக்கலாம்.

ராசு: நீ போ. நான் வாரேன்.

சாமியப்பன்: என்னடா?

ராசு: போன்னா போடா.

சாமியப்பன்: டேய்... இப்பவா சொல்லப் போற?

ரஞ்சிதா: எதைங்க?

சாமியப்பன்: ஒண்ணுமில்லீங்க சிஸ்டர். நான் வெளிய நிக்கறேன். அவன் எது சொன்னாலும்... திட்டாதீங்க. என்னையத் திட்டுங்க.

ரஞ்சிதா: ...போய்ட்டாரு. சொல்லுங்க ராசு. கடைசியா எப்பப் போட்டீங்க?

ராசு: எதைங்க?

ரஞ்சிதா: ராசு.

ராசு: ...நேத்துக் காலைலங்க.

ரஞ்சிதா: அவர் குடிச்ச அதே தூளா?

ராசு: அதேதானுங்க. ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் ஆரம்பிச்சோம். அவன் விட்டான், எனக்கு முடியல.

ரஞ்சிதா: அப்ப அந்த ஒரு வாரத்து மாத்திரையை உங்ககிட்டக் குடுத்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?

ராசு: கதவு தொறந்திருக்குதுங்க.

ரஞ்சிதா: சாத்திட்டேன்.

ராசு: பூட்டீருங்க. அவன் காத வெச்சுக்கிட்டு நிப்பான்.

ரஞ்சிதா: பூட்டியாச்சு.

ராசு: ஆளுக்குப் பாதிங்க சிஸ்டர். இங்க வந்து பேரக் குடுக்க எனக்கு வெக்கம், அவனுக்கு அது தெரியும். அதான், நீ மலைக்கே வர வேண்டாம்டா, எம்பட மாத்திரையிலயே பாதி தர்றேன்னான். பாதியப் போட்டா அவனுக்கு மறுபடியும் எலும்புக்குள்ள ஊரும்ங்க. அது தெரிஞ்சேதான் சொன்னான், நானும் சரின்னு கூட வந்துட்டேன். அவம்பட பங்கு எனக்கு வேண்டாம்ங்க. எம்பேருக்கே ஒரு சீட்டு எழுதுங்க.