கீழ்ப்பெட்டி

"ஹலோ… ஹலோ… ஓம், நேசன்தான் கதைக்கிறன். …ஆர்? …விட்டு விட்டுக் கேக்குது, கொஞ்சம் உரத்துக் கதையுங்கோ. …ஆரெண்டு சொன்னனீங்கள்?

…

திரும்பச் சொல்லு."

எழும்பின நேசன் அப்பிடியே திரும்பக் கதிரையில இருந்திட்டார். சனிக்கிழமை பின்னேரம், வெளியில நல்ல வெய்யில். டென்மார்க்கில இந்த ஹோர்சன்ஸ் ஊர்ச் சனமெல்லாம் இறைச்சி வாட்டுற அடுப்பைத் தூக்கிக்கொண்டு முத்தத்துக்கு வந்திட்டுது. இந்த மனிசன் மட்டும் யன்னல் சீலையை இழுத்து மூடிப்போட்டு டிவிக்கு முன்னால குந்தியிருந்தவர்.

"ரட்ணம்… டேய், ரட்ணமோ? …ஓம், ஓம். …ஓமடா, அண்ணைதான். …எங்க நிக்கிறாய்? …முகாமோ? எந்த… சரி, சரி, சொல்லவேண்டாம். …ஆரின்ர போன்? …பக்கத்தில ஆரும் நிக்கினமோ? …அப்ப மெதுவாவே கதை, எனக்குக் கேக்குது. …நாயகி? …அவவும் நிக்கிறாவோ. …பிள்ளையள்? …ரெண்டுமோ? …ரெண்டும் உன்னோடயோ? …ஆண்டவரே. …இல்லை, நான் அழேல்லை. …நீ அழாதை."

ரட்ணம் நேசனுக்கு ஒரே தம்பி, நாயகி அவன்ர மனிசி. வன்னிக்குள்ள இருந்து தை மாதம் கதைச்சவன், அதுக்குப் பிறகு ஒரு சிலமனும் இல்லை. வைகாசியில சண்டை முடிஞ்சுது எண்டு டிவியில காட்டினாங்கள். ஆனியும் பிறந்திட்டுது. போன ஞாயிறு சபையில, செத்துப்போன ஆக்களுக்கெண்டு ஒரு ஆராதனை வைச்சினம். அதில தம்பியின்ர பேரையும் வாசியுங்கோ எண்டு பாஸ்டரிட்டச் சொன்னது வேற ஆருமில்லை, நேசன்தான். மனிசி கிருபாமலர் எவ்வளவோ சொன்னவ, பொறுங்கோ, இன்னும் கொஞ்சம் பாப்பமெண்டு. மனிசன் கேக்கேல்லை. போனைப் பாத்துக்கொண்டிருந்து இருந்து களைச்சுப்போச்சு. ஒருக்கா அழுது முடிச்சா நித்திரையாவது வருமெண்டு நினைச்சார். நித்திரையும் வந்தது, அதுதான் இப்ப நெஞ்சை அறுக்குது.

டிவிக்கு மேல சுவரில தம்பியின்ர படம். அதுக்குக் கீழ பற்றரியில எரியிற ஒரு மெழுகுதிரி. படத்தில இருக்கிறவன் போனில இருமிறான்.

"…உந்த இருமல் எப்ப தொடக்கம்? …மருந்து தாறாங்களோ? …தண்ணிக்கும் லைனோ. …ஓம். …ஓம். …நான் கேக்காத இடமில்லையடா. செஞ்சிலுவைக்கும் பேர் குடுத்தனான். கொப்பன்ஹேகன் ஊர்வலத்துக்கும் ஒண்டு விடாமல் போனனான். …அதை விடு, அதைப்பற்றி இப்ப ஏன். …மிரியம், பொறு அம்மா, அப்பா கதைக்கிறன்."

மகள் கதவடியில வந்து நிண்டு டெனிஷில கேட்டாள், ஆர் அது, செத்துப்போன சித்தப்பாவோ எண்டு. இந்தப் பிள்ளையளுக்கு மெதுவாக் கேக்கவும் தெரியாது.

"…அது மிரியம். …ஒண்டுமில்லை, ஆரெண்டு கேக்கிறாள். …தமிழ் விளங்கும், வாயைத் துறந்தா டெனிஷ்தான் வரும். …ஓம், ஓம், எங்கட அம்மாவின்ர மூக்குத்தான். …என்ன சத்தம்? …எங்க? …ஓ, அதுவோ. அது டிவி. பிள்ளை ஏதோ கார்ட்டூன் பாக்கிறாள். …இரு, குறைக்கிறன்."

பொய். கார்ட்டூனும் இல்லை, பிள்ளை பாக்கவும் இல்லை. ரிமோட் கதிரை இடுக்குக்குள்ள விழுந்து கிடக்கு. வயரைப் பிடுங்குவமெண்டா, டிவியோட கொழுவியிருக்கிற விளையாட்டு மெசின்ர கீழ்ப்பெட்டியில சிவத்த லைற் எரியுது. அது எரியேக்க கரண்டை நிப்பாட்டினா டிஸ்க் பழுதாப்போம். பாவி மனிசன் தலகணியைத் தூக்கி டிவியின்ர ஸ்பீக்கரில வைச்சு அமத்திக்கொண்டு நிண்டார்.

மானிப்பாயில அவையின்ர பக்கத்து வீட்டுச் சபாரத்தினம் கப்பலில வேலை செய்தவர். ஒருமுறை ஜப்பானில இருந்து ஒரு விளையாட்டு மெசின் கொண்டு வந்து இவை ரெண்டு பேருக்கும் குடுத்தார். வெள்ளையும் சிவப்புமா ஒரு பெட்டி, அதுக்குக் கீழ வைக்க இன்னொரு சிவத்த பெட்டி. அந்தக் கீழ்ப்பெட்டிக்குள்ளதான் மஞ்சள் டிஸ்க்கைத் தள்ளவேணும். தள்ளினா உடன ஓடாது. கிர்ர் எண்டு கிழவன் தொண்டையைச் செருமிற மாதிரிச் செருமி, நிண்டு, பேந்தும் செருமும். அது செருமி முடியுமட்டும் தமையனும் தம்பியும் மூச்சு விடமாட்டினம். விளையாடிக்கொண்டு போகேக்க நடுவில நிண்டு, டிஸ்க்கை மற்றப் பக்கம் திருப்பிப் போடு எண்டு கேக்கும். திருப்பிறது ரட்ணத்தின்ர வேலை. நேசன் கை வைச்சா அண்டைக்குச் சண்டைதான்.

நேசன் டென்மார்க்குக்கு வெளிக்கிடேக்க ரெண்டு பேரும் ஒரு ஒப்பந்தம் செய்தவை. கீழ்ப்பெட்டியும் டிஸ்க்கும் அண்ணையோட, மேல்ப்பெட்டி தம்பியோட. ஒண்டில்லாமல் மற்றது ஓடாது. அப்ப ஒருத்தனை விட்டிட்டு மற்றவன் விளையாடேலாது. தம்பி அடுத்த வருசம் வந்திடுவான் எண்டுதான் கதை. அடுத்த வருசம் வரவே இல்லை.

"…ஓம், கேக்குது, சொல்லு. …என்னது? …கீழ்ப்பெட்டியோ? …இருக்கு. …பத்திரமா இருக்கு. …டேய், அங்க நிண்டுகொண்டு உனக்கு இப்ப உதே ஞாபகம்? …என்ன? …ஏன் அப்பிடிச் சொல்லுறாய். …என்னத்துக்கு நான் உன்னை மன்னிக்கிறது? …ஓ. …எங்க விட்டனீ? …ஓம். …பங்கருக்கையோ. …கிளிநொச்சியில இருந்து அதையும் காவிக்கொண்டோ போனனீ? அவ்வளவு இடம்பெயர்வுக்கும்? …உரப்பையில சுத்தி. …ஓம். …பேந்து? …பேந்து சின்னவளைத் தூக்க வேணும்தானே. …காலில காயமெண்டா தூக்கத்தானே வேணும். …டேய், பிள்ளையைத் தூக்கினதுக்கு ஆராவது மன்னிப்புக் கேப்பானோ? …என்னட்டைக் கேக்காதை. …ரட்ணம், சொல்லுறன், என்னட்டைக் கேக்காதை."

நேசனுக்கு வெக்கமாப்போச்சு. ஒருத்தன் ஷெல்லுக்குள்ளால மேல்ப்பெட்டியைக் காவிக்கொண்டு திரிஞ்சிருக்கிறான். மற்றவன் ஆராதனை முடிஞ்ச மற்ற நாளே ஒடென்சேயில பழைய சாமான் சேர்க்கிற ஒரு டெனிஷ்காரனுக்குப் போன் அடிச்சு, மேல்ப்பெட்டி ஒண்டு இருக்கோ எண்டு கேட்டிருக்கிறார். அவன் நல்ல மனிசன். இங்கத்தை டிவிக்குப் பிடிக்கிற மாதிரி வயரும் மாத்தித் தந்தான். கீழ்ப்பெட்டிக்குள்ள ரப்பர் பெல்ட் உருகித் தார் மாதிரி ஒட்டிக்கிடந்ததைச் சுரண்டி எடுத்துப் புதுசும் போட்டான். இவ்வளவு காலமும் ஏன் பாவிக்கேல்லை எண்டு கேட்டான். ஆள் இல்லை எண்டு சொன்னார் நேசன்.

ஆசையில வாங்கினது எண்டும் சொல்லேலாது. அந்த டிஸ்க்கில ரட்ணம் விளையாடி விட்ட இடம் அப்பிடியே கிடக்கு, அவன்ர பேரோட. ஜப்பான் எழுத்து ரெண்டு பேருக்கும் தெரியாது. வடிவைப் பாத்துத்தான் ரட்ணம் தனக்குப் பேர் வைச்சவன், பெட்டி மாதிரி ஒரு எழுத்து, தூண்டில் மாதிரி ஒரு எழுத்து. தம்பியின்ர கை பட்டதெண்டு நேசனிட்ட மிஞ்சினது அது ஒண்டுதான். அதை ஒருக்காப் பாக்கவேணும் போல இருந்தது. பாத்தார். பாத்ததோட நிப்பாட்டியிருக்கலாம். அந்தப் பேரிலயே போய் அமத்தி, அவன் விட்ட இடத்தில இருந்து தொடங்கினார். கீழ்ப்பெட்டி செருமிக்கொண்டிருக்கேக்கதான் போன் அடிச்சது.

இப்ப சிவத்த லைற் அணைஞ்சிட்டுது. பாட்டு மட்டும் போகுது.

"…என்ன? கார்ட்டூன் பாட்டோ? …தெரிஞ்ச பாட்டு மாதிரியோ. …ரட்ணம், பொறு. நீ கதைக்காதை, நான் சொல்லி முடிக்கிறன், லைன் போயிடும். …அது கார்ட்டூன் இல்லை. …ஓம். …ஓமடா, அதுதான். …மேல்ப்பெட்டி ஒண்டு வாங்கினனான். இந்தக் கிழமைதான். …நீ இல்லையெண்டு நினைச்சிட்டன். …ஆரும் வந்து சொல்லேல்லை. நானாத்தான் முடிவெடுத்தனான். சபையில உன்ர பேரையும் நான்தான் குடுத்தனான், உன்ர படத்துக்குக் கீழ மெழுகுதிரியும் வைச்சிருக்கிறன். …என்னால காத்துக்கொண்டு இருக்கேலாமப் போச்சடா. நீ அங்க பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறாய், என்னால இங்க ஒரு கதிரையில இருந்து காத்திருக்கேலாமப் போச்சு.

…

கேட்டுதோ? …ரட்ணம்? …சிரிக்கிறியோ அழுறியோ, எனக்கு விளங்கேல்லை. …ஓம். …ஓம், உன்ர பேர் இருக்கு. பெட்டியும் தூண்டிலும். …இல்லை, அழியேல்லை. …பாலத்தடியிலதான், நீ விட்ட அதே இடம். …இப்பவோ? இப்ப திருப்பிப் போடச் சொல்லிக்கொண்டு நிக்குது. …இல்லை, இன்னும் நான் தொடேல்லை. …என்ன சொன்னனீ? …கேக்கேல்லை, திரும்பச் சொல்லு. திருப்பவோ, வேண்டாமோ? …ரட்ணம், திருப்பவோ வேண்டாமோ? …ஹலோ. …ஹலோ… ஹலோ…"

வந்த நம்பருக்குத் திருப்பி அடிச்சார். ஒரு பொம்பிளை சிங்களத்தில என்னவோ சொன்னாள், பிறகு அதையே தமிழில சொன்னாள், போன் நிப்பாட்டி வைச்சிருக்காம். பேந்தும் அடிச்சார். பேந்தும் அவள்தான்.

நேசன் தலகணியைக் கீழ வைச்சார். மெழுகுதிரியைப் புரட்டி, அடியில இருந்த பற்றரியைக் கழட்டிச் சட்டைப் பைக்குள்ள போட்டார். படத்தை விட்டிட்டார். அது உயிரோட இருக்கிற ஆளின்ர படம், சுவரில இருக்கட்டும். டிவியில பாட்டு முடிஞ்சு திரும்பவும் முதலில இருந்து தொடங்கிச்சு. மிரியம் மெல்ல வந்து கீழ்ப்பெட்டிக்கு முன்னால சம்மாணம் கொட்டி இருந்து, மஞ்சள் டிஸ்க்கை இழுக்கக் கையை நீட்டினாள்.

"தொடாதை, அம்மா. அது சித்தப்பா வந்து திருப்புவார்."