டிரையரைக் கைப்பற்றும் முறை

அந்த வருடம் நான் குடிமாறிய மூன்றாவது கட்டிடம் சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடித் தொகுதியில் இருந்தது. கீழே உடுப்புத் தோய்க்கும் அறையில் உடுப்பு உலர்த்தும் டிரையர் ஒன்றே ஒன்றுதான் வேலை செய்தது. அதுவும் ஓடி முடிந்து, உள்ளே உடுப்போடு நின்றது. அங்கே காத்திருந்த சகோதரிகள் இருவரில், ஈர யூனிஃபோமோடு நின்ற அக்காவுக்கு இரண்டு மணிக்கு வேலை. சட்டம் படிக்கும் தங்கை மடியில் புத்தகம் வைத்திருந்தாள். மூலையில் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்த என்னை இருவரும் கணக்கில் எடுக்கவில்லை.

“எல்லாத்தையும் இழுத்து நிலத்தில போடப்போறன்.”

“போரெண்டா முதல்ல அறிவிக்க வேணும் அக்கா. நானூறு வருசத்துக்கு முதலே ஐரோப்பாவில சட்டம் எழுதி வச்சிருக்கினம்.”

“ஆரிட்ட அறிவிக்கிறது? ஆளைக் காணேல்லையே.”

“பொதுவாச் சொல்லு.”

அக்கா சுவரைப் பார்த்துச் சொன்னாள். “உது ஆற்ற உடுப்பு? எடுக்கப்போறன்.”

நான் பத்திரிகையின் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.

“இனி எடுக்கலாமோ?”

“நியாயமான காரணம் இருக்கு, எடுக்கலாம். ஆனா போருக்கும் எல்லை இருக்கு. உனக்குத் தேவை டிரையர். உடுப்பு உன்னோட சண்டைக்கு வரேல்ல. அதுக்குச் சேதம் வந்தா பிழை உன்னிலதான்.”

“உந்தக் கிழிஞ்ச பெனியனுக்குமோ?”

“அதுக்கும்தான். மடிச்சு வை.”

“போரில வெண்டவளே மடிக்கிறதெண்டு எந்தச் சட்டத்தில கிடக்கு?”

திட்டிக்கொண்டே அக்கா மடித்தாள். அவை என் உடுப்புகள். கடைசிக் காலுறைக்கும் சோடி சேரும்வரை நான் வாய் திறக்கவில்லை.