மச்சானுக்கு விரித்த படுக்கை

காரில் படுப்பதற்கு முன் செருப்பைக் கழற்றி வெளியே வைத்துவிட வேண்டும் சார். பலர் இதைச் செய்வதில்லை. காலடியில் செருப்பு கிடந்தால் அந்த வாடை மெல்ல மேலேறி, நல்ல தூக்கத்தின் நடுவில் மூக்கைத் தொடும். அப்புறம் புரண்டு புரண்டு படுக்க வேண்டியதுதான்.

என் பெயர் பூவரசன். காரிமங்கலத்தில் வீடு. விதைக் கம்பெனி ஏஜென்ட். தக்காளி, மிளகாய் விதைகளை எடுத்துக்கொண்டு ஏரியூர், பென்னாகரம் பக்கமெல்லாம் சுற்றுகிறவன். மத்தியான வெயிலில் எந்த விவசாயியும் விதையைப் பற்றிப் பேச மாட்டார். அந்த நேரத்தில் ரோட்டோரம் ஒரு மரம் பார்த்து வண்டியை நிறுத்திப் படுப்பேன். இந்த ஒரு சுகத்துக்காகத்தான் பழைய கார் வாங்கினேன். வீட்டில் எனக்குத் தூக்கம் வராது. டிவி ஓடும், பிள்ளைகள் ஓடும், மாமியார் போனில் ஸ்பீக்கரைப் போட்டு ஊருக்கே கேட்கும்படி பேசுவார்.

பின்சீட்டை மடக்கி, டிக்கி வரைக்கும் பலகை போட்டு சமப்படுத்தினேன். தருமபுரியில் அளவு கொடுத்து மெத்தை தைத்தேன். தலைக்கு இலவம்பஞ்சு, முட்டிக்கடியில் வைக்க ஒரு சின்னத் தலையணை. ஜன்னல்களுக்கு என் மனைவி கனிமொழியின் பழைய சேலையில் திரை. ஒரு மனிதன் தனக்கென்று இவ்வளவாவது செய்துகொள்வதில் தப்பில்லை என்று நீங்களும் ஒப்புக்கொள்வீர்கள்.

பச்சியப்பன் கனிமொழிக்கு அண்ணன். எனக்கு மச்சான், என் பிள்ளைகளுக்குத் தாய்மாமன். பெரிய உடம்பு. ஒருநாள் எங்கள் வீட்டில் கறிச்சோறு சாப்பிட்டுவிட்டு காருக்குள் எட்டிப் பார்த்தார். ஆரம்பம் அதுதான்.

"மாப்ள, சாவிய இப்புடி வீசு. சித்த நேரம் கண்ணசர்றன்."

"உள்ள கட்டிலு இருக்குதுங்களே மச்சான்."

"கட்டிலு எல்லார் வூட்லயும்தான் இருக்குது. இந்த மாதிரி மெத்த எவன் வூட்ல இருக்குது?"

அதற்குப் பிறகு நாங்கள் எங்கே கிளம்பினாலும் அவரும் வந்தார். கல்யாணம், கருமாதி, சந்தை எதையும் விடவில்லை. போன இடத்தில் முதல் பந்தியில் சாப்பிடுவார். கை கழுவின ஈரத்தோடு சாவிக்குக் கையை நீட்டுவார். நான் கல்யாண மண்டபத்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கழுத்து நோகத் தூங்குவேன். கனிமொழியிடம் சொல்லிப் பார்த்தேன்.

"ஏங்க, எங்கண்ணன் கொஞ்ச நேரம் படுத்தா உங்க காரு தேஞ்சா பூடும்? நாளைக்கி அவுரு மடியில வெச்சுத்தான் காது குத்தணும். இப்பப் போயி மூஞ்சியக் காட்டாதீங்க."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. தாய்மாமனிடம் இல்லை என்று சொல்கிற வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. அதனால் பொறுத்துக்கொண்டேன். ஆனால் மெத்தையில் அவர் உருவத்துக்கு ஒரு பள்ளம் விழுந்தது. நான் என் காரில், என் மெத்தையில் படுத்தாலும் அந்தப் பள்ளத்துக்குள்தான் உருண்டு போனேன். யாரோ ஒருவர் மேல் படுத்திருக்கிற மாதிரி இருந்தது. கோபம் என்று சொல்ல மாட்டேன். தூக்கம் போதவில்லை, அவ்வளவுதான்.

காது குத்தும் வரைக்கும் காத்திருந்தேன். அதற்கு ஒரு மடி வேண்டும். பென்னாகரம் தாண்டி, காட்டோரத்தில் எங்கள் குலசாமி முனியப்பன் கோயிலில் மகனுக்கும் மகளுக்கும் ஒரே நாளில் வைத்தோம். மச்சான் குறை வைக்கவில்லை. இரண்டு பிள்ளைகளும் ஒன்றாக உட்கார அவர் மடியில் இடம் இருந்தது. ஆசாரி ஊசியை எடுத்ததும் பிள்ளைகளுக்கு முன்னால் அவர்தான் அழுதார். நல்ல மனுஷன்.

மகள் பெரியவளானால் மறுபடியும் தாய்மாமன் வேண்டுமே என்று நீங்கள் கேட்கலாம். அதையும் யோசித்தேன். கனிமொழிக்கு ஓசூரில் கிருஷ்ணப்பன் என்று ஒரு தம்பி இருக்கிறான். அவனிடம் சொந்தக் கார் இருக்கிறது.

அன்று காலையில் கோயில் புளியமரத்துக்கு மேற்கே வண்டியை நிறுத்தினேன். அடர்ந்த நிழல். மச்சானே பாராட்டினார். "எடம் புடிக்கறதுல மாப்ளைய மிஞ்ச முடியாது." உண்மைதான். மரத்தடியிலேயே தூங்கிப் பழகினவனுக்கு மத்தியானத்துக்கு மேல் நிழல் எந்தப் பக்கம் போகும் என்பது தெரியாமல் இருக்காது.

கெடா வெட்டி விருந்து முடிந்தது. மச்சான் கொஞ்சம் குடித்திருந்தார், நிறையச் சாப்பிட்டிருந்தார். மெத்தையில் ஏறிப் படுத்தார். நானே முட்டிக்குத் தலையணை வைத்தேன்.

"ஏசியப் போடு மாப்ள. கண்ணாடிய ஏத்து, ஈயி வருது."

கெடா வெட்டின இடம், ஈ மொய்க்கத்தான் செய்யும். ஏசியைப் போட்டு, கண்ணாடியை ஏற்றினேன். வீட்டுக்குத் திரும்பப் போகிற பாத்திரங்களை முன்சீட்டில் கூரை வரைக்கும் அடுக்கினேன். எதன்மேல் எதை வைத்தால் சரியாது என்று அவர் படுத்தபடியே யோசனை சொன்னார். குறட்டை வந்ததும் இன்ஜினை அணைத்தேன். டீசல் வீண்தானே. பிறகு டிரைவர் சீட்டிலும் பெரிய அண்டாவை வைத்தேன். பின்கதவுகள் உள்ளிருந்து திறக்காது. பிள்ளைகள் விழுந்துவிடக் கூடாது என்று கம்பெனிக்காரனே வைத்திருக்கிற வசதி அது. பூட்டிவிட்டு வந்தேன்.

"அண்ணன் எங்கங்க?" என்றாள் கனிமொழி.

"கார்ல படுத்திருக்கறாரு. யாரும் எழுப்ப வேணாம்."

"தலவாணி குடுத்தீங்களா?"

"ரெண்டு குடுத்தன்."

அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கல்யாணமான புதிதில்கூட அப்படிப் பார்த்ததில்லை. மாமியார் பக்கத்திலிருந்தவர்களிடம் சொன்னார்: "எம்மவன இப்புடித் தாங்கற மாப்ள இந்தச் சில்லாவுலயே இல்ல."

சாயங்காலம் அவர் இறந்துகிடந்தது தெரிந்த பிறகும் சொந்தக்காரர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு ஆறுதல்தான் சொன்னார்கள். "படுத்த எடத்துலயே நோவாம போயிட்டாரு. அதுவும் நீ குடுத்த மெத்தையில." ஒருவர்கூட என்னைச் சந்தேகப்படவில்லை. விசாரிக்க வந்த நீங்கள் மட்டும்தான் கண்ணாடியின் உள்பக்கத்தில் கைத்தடங்கள் இருந்ததைப் பார்த்தீர்கள். துடைத்திருக்கலாம். கதவைத் திறந்ததும் எல்லோரும் அவர் மேல் விழுந்து அழுதார்கள், எனக்கு வழி கிடைக்கவில்லை.

அவர் விழித்தார் சார். அதை மறைத்துப் பயனில்லை.

நான் கோயில் மண்டபத்தில் கல்தரையில் ஒரு பாயை விரித்துப் படுத்திருந்தேன். கார் நேர் எதிரே. அதற்குள் நிழல் மரத்தின் அந்தப் பக்கம் போய்விட்டிருந்தது. திரை விலகியது. அவர் முகம் தெரிந்தது, குளித்து எழுந்த மாதிரி நனைந்திருந்தது. கண்ணாடியைத் தட்டினார். மைக் செட்டில் பாட்டு போய்க்கொண்டிருந்தது, யாருக்கும் கேட்கவில்லை. என்னைக் கண்டுகொண்டார். மாப்ள என்று வாய் அசைந்தது. சாவி என் சட்டைப் பையில் இருந்தது. படுங்க மச்சான் என்று கையைக் காட்டினேன்.

இரண்டு உள்ளங்கையாலும் அடித்தார். பிறகு ஒரு கையால். பிறகு கையைக் கண்ணாடியில் சும்மா வைத்துக்கொண்டிருந்தார். அதுவும் வழுக்கிக் கீழே போனது.

வேண்டுமென்றேதான் செய்தேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

நான் மறுபக்கம் திரும்பிப் படுத்தேன். கிழிந்த பாய், தலைக்கு என் கை, பக்கத்தில் யாரோ ஒரு பெரியவரின் இருமல், காதடியில் மைக் செட். அப்படி ஒரு தூக்கம் என் ஆயுளில் தூங்கினதில்லை சார். கார் இல்லாமலேயே எனக்குத் தூக்கம் வரும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. கொஞ்சம் முன்னால் தெரிந்திருந்தால் காரை மச்சானுக்கே கொடுத்திருப்பேன்.