வேலுத்தாய் புதைத்த சவ்வு

"ஏசட்டும் தம்பி, டாக்டருன்னா ஏசத்தான செய்வாரு. அதுக்காக அத்தன பேரு முன்னாடியா..." என்று சொல்லிக்கொண்டே பிரசவ வார்டு வாசல் பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள் வேலுத்தாய். பக்கத்தில் ஜீப் டிரைவர் பொன்ராஜ். மனைவியை உள்ளே அனுப்பிவிட்டுக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தவன் வாயைத் திறக்கவில்லை. அது அவளுக்கு வசதியாகப் போயிற்று.

இது நடந்தது 1976-இல். மூணாறு மலைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவள் அவள். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் ஒரு கல்யாணத்தின்போது சோற்று அண்டா கவிழ்ந்து வலது கை வெந்த கதையில் தொடங்கினாள். அடுப்புக் கல்லைச் சாய்வாக வைத்த கங்காணி சம்சாரம், அவள் அன்று கட்டியிருந்த சேலை, அது சாயம் போன விதம்... எங்கெல்லாமோ போய்த்தான் கைக்குத் திரும்பினாள். புண் ஆறும்போது இரண்டு விரல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதாம். டாக்டர் கீறிப் பிரித்து, மறுபடி ஒட்டாமலிருக்க வெங்காயத்தின் உள்தோல் மாதிரி மெல்லிசாக ஒன்றை வைத்துக் கட்டினாராம். என்ன அது என்று நர்ஸிடம் கேட்டாளாம். அன்றைக்குப் பிறந்த ஒரு பிள்ளையின் பனிக்குடத்துச் சவ்வாம்.

"கேக்காமலாவது இருந்திருக்கணும். இளங்கொடி நஞ்சோட வந்தது மண்ணுக்குள்ள போகணுமா இல்லியா? நாய் கீய் மோந்துட்டா அந்தப் பச்சப்பிள்ளைக்குல்ல ஆகாது... யாரு பெத்த பிள்ளையோ."

அதனால் லயத்துக்குப் போன அன்றே கட்டைப் பிரித்து, சவ்வை உரித்தெடுத்து, கொய்யா மரத்தடியில் மஞ்சள் தூவிப் புதைத்துவிட்டாள். இடது கையாலேயே முழங்கை ஆழம் தோண்டினாளாம். அதில் கொஞ்சம் பெருமை வேறு.

இப்போது விரல்கள் திரும்ப ஒட்டத் தொடங்கிவிட்டன. இன்றே பிரித்துப் புதுச் சவ்வு வைக்காவிட்டால் இனிமேல் கொழுந்து கிள்ள முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்கு ஒரு பிரசவம் ஆக வேண்டும், பெற்றவர்கள் சம்மதிக்கவும் வேண்டும்.

"ஒங்கிட்ட கேக்க நாக்கு கூசுது தம்பி. இந்தத் தடவ நானாப் பிரிக்கமாட்டேன். ஆறித் தானா உதிரட்டும், ஒரு துணுக்கு விடாம பொறுக்கிப் பொதைச்சிருதேன்."

கதவு திறந்தது. பொம்பளப்பிள்ளை என்றாள் நர்ஸ். பொன்ராஜ் ஒரே பாய்ச்சலில் உள்ளே போய்விட்டான். ஆம் இல்லை என்று ஒரு சொல் உதிர்க்காத பிறவி என்று காலிப் பெஞ்சிடமே முறையிட்டுக்கொண்டிருந்தாள் வேலுத்தாய்.

கொஞ்ச நேரத்தில் நர்ஸ் திரும்பி வந்தாள். "எந்திரிங்க. அவரு சரின்னுட்டாரு. ஆனா பொதைக்கையில உப்பும் சேத்துப் போடணுமாம். அவங்க வழக்கமாம்."

"உப்பு எதுக்காம்?" என்று எழுந்தாள் வேலுத்தாய். "சரி, பெத்தவன் சொல்லுதான். ஒரு பிடிக்கு ரெண்டு பிடியாப் போட்டுட்டாப் போச்சு."

முனகிக்கொண்டேதான் ஆப்பரேஷன் அறைக்கு நடந்தாள்.