இரண்டாம் பக்கம், பதினொரு நிமிடம்

என் கடையில் காபி சுமார்தான். ஒசாகாவில் அதற்காக யாரும் மாடி ஏறி வருவதில்லை. இசைத்தட்டு கேட்கத்தான் வருகிறார்கள். தட்டு சுழலும்போது பேசக் கூடாது. வேறு விதி எதுவும் கிடையாது.

ஒரிகாசா என்ற பெண்ணுக்கு அந்த விதி பழகவே இல்லை. முப்பது வயதிருக்கும், ஆஸ்பத்திரியில் நர்ஸ். ராக் இசையே கேட்டதில்லை என்றாள். நான் ஒலிப்பதிவு செய்த 'ஈரச் சுவர்' குழுவின் ஐந்து ஆல்பங்களையும் சனிக்கிழமைக்கு ஒன்றாக, வரிசையாகப் போடச் சொன்னாள்.

"மாஸ்டர், இது என்ன, வாஷிங் மெஷினுக்குள்ள பூனையா?" என்றாள் முதல் வாரம், முட்டை சாண்ட்விச்சை மென்றபடி. அவள் மெல்லும் அந்த ஈரமான சத்தம் எனக்குக் குமட்டியது. நான்காம் வாரம் அவள் சாண்ட்விச்சைத் தொடவே இல்லை. கண்ணை மூடிக் கேட்டாள்.

ஐந்தாவது ஆல்பத்தின் இரண்டாம் பக்கத்தில் வாத்தியம் கிடையாது. பாடகர் எஜிமாவின் தொண்டை மட்டும், பதினொரு நிமிடம். இருபத்தாறு ஆண்டுகளாக ரசிகர்கள் அதைத் தலைகுனிந்து கேட்கிறார்கள்.

அவள் பாதியில் எழுந்தாள். கையில் கடிகாரம்.

"மாஸ்டர், நிறுத்துங்க. இது பாட்டு இல்ல."

"அக்கா, இது கலை. வாயை மூடிட்டுக் கேளுங்க" என்றார் பக்கத்து மேசைக்காரர்.

"கலையா? உங்கப்பாவுக்கு இப்படி இழுத்தா கைதட்டுவீங்களா? மூச்சை எண்ணிட்டேன். நிமிஷத்துக்கு நாப்பது இருந்துச்சு, இப்ப குறையுது. தினம் வார்டுல கேக்கறேன், எனக்குத் தெரியாதா? இந்த ஆளு செத்துட்டிருக்காருங்க."

அவள் நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்திருக்கிறாள். வரட்டும்.

எஜிமாவுக்கு ஆஸ்துமா. பாடும்போது அடிக்கடி இன்ஹேலரை வாயில் வைப்பார். புஸ்ஸென்று ஒரு சத்தம், பிறகு சளி புரளும் இருமல். நல்ல பதிவுகள் எத்தனையோ அதில் வீணாயின. மைக்கின் பஞ்சுறை எச்சிலில் ஊறி நாறும். அதைக் கழற்றித் துவைத்தவன் நான். அந்த இரண்டாம் பக்கத்தைப் பதிவு செய்த அன்று காலை அவருடைய கோட்டிலிருந்து இன்ஹேலரை எடுத்து என் பையில் போட்டுக்கொண்டேன். பதிவு சுத்தமாக வர வேண்டும், அவ்வளவுதான். நடுவில் யாரும் திறந்துவிடாதபடி பதிவறையை வெளியிலிருந்து பூட்டினேன். கண்ணாடிக்கு அப்பால் அவர் கையை அசைத்தார். தாளம் போடுகிறார் என்று நினைத்தேன். அப்படி ஒரு சத்தத்தை அவர் தொண்டையிலிருந்து நான் கேட்டதே இல்லை.

அவர் அடங்கியதும் இன்ஹேலரைக் கோட்டிலேயே திரும்ப வைத்தேன். பாடி முடித்திருந்தார், நான் சாப்பிடப் போன நேரத்தில் இறந்துவிட்டார் என்று சொன்னேன். டாக்டர் மேற்கொண்டு கேட்கவில்லை.

புகாரில் ஒரு திருத்தம் உண்டு. பதினொரு நிமிடம் என்று அவள் எழுதியிருக்கிறாள். முழு நாடா பன்னிரண்டு. வெட்டிய துண்டு என் வீட்டு அலமாரியில் இருக்கிறது. அதில் எஜிமா என் பெயரைச் சொல்லி, "குவாபாரா... கதவு... மருந்து..." என்று நான்கு முறை கேட்கிறார்.

அதை மட்டும்தான் வெட்டி எடுத்தேன். பாட்டுக்கு நடுவில் யாராவது பேசினால் எனக்கு அன்றைக்கும் அருவருப்புதான்.