கப்பில் ஊற்றிய கலர்

— ஃபுட்பால் கப்பு வந்துச்சா இல்லியா, அத்த மட்டும் சொல்லு சாராளு. வந்துச்சுல்ல? அப்ப நான் செஞ்சது…

— கப்பு கெடக்குது. எந்தம்பிய எங்க…

— ரைட்டா, தப்பா? மீஞ்சூரே சொல்லுது ரைட்டுன்னு…

— எந்தம்பிய எங்க வுட்டுட்டு வந்தேன்னு நான் கேக்கறேன். நீ கப்புன்ற.

— எங்கயும் வுடல. கும்முடிப்பூண்டி இன்னா சீமையா? பொன்னேரி தாண்டினா வந்துச்சு. அங்கயும் ஃபேக்டரி, அங்கயும் டீமு, அங்கயும் சம்பளம். யேசுதாசுக்கு இன்னா கொற?

— கத்தாத. பாப்பா முழிச்சிக்கும். தோ, முழிச்சிக்கினா. பால் ஆத்தணும். அந்தப் பச்சைக் கரை போட்ட எனாமல் டம்ளரப் பாத்தியா?

— எனுக்கு இன்னா தெரியும். லோட்டாவுல ஆத்து.

— காலைலேர்ந்து தேடறேன். சரி வுடு. வர்ற ஞாயித்துக்கெழம பாப்பாவுக்குக் காது குத்து. தாய்மாமன் மடி வேணும். யாரு மடியில ஒக்கார வெப்ப? பூண்டியிலேர்ந்து மாத்திக்கினு வந்தியே ஒரு கோல் கீப்பரு, அவன் மடியிலயா?

— கோபாலு நல்ல பையன்தான்.

— கொழுப்பு.

— நீதான கேட்ட. ஒன் தம்பிய நான் இன்னா வாணான்னா சொல்றேன்? வரச் சொல்லு. மடி அவனுதுதான்.

— நான் சொன்னா வரமாட்டான். நீ போயிக் கூப்புடணும். "மச்சான், தப்பாப் பூட்ச்சு, வா"ன்னு ஒரு வார்த்த சொல்லணும்.

— தப்பே இல்லாதப்ப எதுக்குச் சொல்லணும்? டீமுன்னா டீமுதான் சாராளு. அதுல மச்சான் மாமன் கெடையாது. செமி ஃபைனல்ல அவன் இன்னா செஞ்சான், தெரியுமா? நடு கிரவுண்டுல இடுப்புல கைய வெச்சிக்கினு நின்னான். பந்து அவன் கால் பக்கமாப் போவுது, பாத்துக்கினே கீறான். ஜனங்க மண்ண வாரி எறிஞ்சாங்க. அன்னிக்கு ட்ராவுல தப்பிச்சோம். மறுபடி ஆட வெச்சாங்க, அதனால பொழச்சோம்.

— அதுக்கு?

— அதுக்குத்தான். பூண்டிக் கம்பெனிக்காரன் ரொம்ப நாளா அவனக் கேட்டுக்கினு இருந்தான். ரெண்டு ஆளத் தரேன், அந்த ஒரு ஆளக் குடுன்னான். மேனேஜரு மீட்டிங்கு போட்டாரு. வேலையோட அங்க மாத்திட்டாங்க. கோல் நிக்க கோபாலு வந்தான், பின்னால நிக்க ஜெயராஜு வந்தான். இப்போ ஒரு பந்து உள்ள போவுதா பாரு.

— ஆட்டக் குடுத்துட்டு ரெண்டு கோழி வாங்கினவன் மாதிரி பேசற.

— கோழி முட்ட போடுதுல்ல? யேசுதாசு இருந்தப்ப பத்து பேரும் பந்த அவங்கிட்ட தள்ளிட்டு வேடிக்க பாப்பானுங்க. அவன் அடிச்சா உண்டு, இல்லாட்டி இல்ல. இப்போ பதினோரு பேரும் ஓடறான். அவன் போனதுல டீமுக்கு நல்லதுதான். அத்த நான் எங்க வேணா சொல்வேன்.

— அவங்கிட்ட சொல்வியா?

— இன்னாத்துக்கு?

— எங்க வேணா சொல்வேன்னியே. பொட்டியத் தூக்கிக்கினு அவன் டேசனுக்குப் போனப்ப நீ எங்க இருந்த?

— ஷிப்டு.

— ஷிப்டு இல்ல. டேசன் வாசல்ல சவுக்குக் கட்ட லாரி நின்னுச்சுல்ல, அதுக்குப் பின்னால நின்ன. பக்கத்து ஊட்டுப் பச்சையம்மா பாத்துட்டு வந்து சொன்னா. "ஒங்க ஊட்டுக்காரரு லாரிக்கு டயர் செக் பண்றாரு"ன்னு சொல்லிச் சிரிச்சா. எனுக்குத்தான் மூஞ்சிய எங்க வெச்சிக்கறதுன்னு தெரியல.

— …வண்டி பூடுச்சான்னு பாக்க வந்தேன்.

— போனதும் வெளிய வந்தியா?

— இன்னா சாராளு, காலாங்காத்தால. ஃபேக்டரி வாசல்ல கப்ப வெச்சு போட்டோ புடிக்கறாங்க. கேப்டன் நான். நாஷ்டா இருந்தா குடு, இல்ல டீக்கடைல பாத்துக்கறேன்.

— நேத்து நீ ஃபைனலுக்குப் போனதும் நான் எங்க போனேன்னு நீ கேக்கவே இல்ல.

— எங்க போன?

— பாப்பாவத் தூக்கிக்கினு கரி ரயிலு ஏறி பூண்டிக்குப் போனேன். எந்தம்பியப் பாத்தேன்.

— …எப்டி கீறான்?

— எளச்சிட்டான். "ஏன்டா செமி ஃபைனல்ல அப்டி நின்ன, கேப்டன் வேல வேணும்னா"ன்னு கேட்டேன். நீ அப்டித்தான சொன்ன எங்கிட்ட? அவனுக்குக் கேப்டன் வேல மேல ஆசன்னு.

— ஆசதான். இல்லாம?

— சிரிச்சான். பொறவு அழுதான். மீச வெச்ச புள்ள, பாப்பா எதுருல அழுவுது.

— இன்னா சொன்னான்?

— வீரராகவ ஐயா ஊட்டு விருந்தச் சொன்னான்.

— போட்டோவுக்கு டைம் ஆவுது.

— இன்னா, பேச்ச மாத்தற? ஷூ வாங்கிக் குடுக்கறாரு, ஜெர்சி வாங்கிக் குடுக்கறாரு, ஜெயிச்சா ஊட்டுல கறிச் சோறுன்னு நீ பெருமையாச் சொல்வ. ஒம்பது பேருக்குக் கூடத்துல எல, பித்தள டம்ளரு. நம்ம காலனி ஆளு நீங்க ரெண்டு பேரு. ஒங்களுக்கு மாட்டுக் கொட்டா பக்கத்துல எல. தண்ணி குடிக்க ஊட்லேர்ந்து டம்ளரு. அத்த எங்கிட்ட சொன்னியா நீ?

— சொல்லி?

— நானில்ல அந்த டம்ளரக் கழுவித் தொடச்சு ரெண்டு பேரு பையிலயும் வெச்சேன்? கிரவுண்டுல தண்ணி குடிக்கத்தான்னு நெனச்சுக்கினு. எங்கையால வெச்சேன். வண்டில வரசொல்ல அத்தையே நெனச்சுக்கினு வந்தேன். ஓரத்துல ஒருத்தி "இன்னாம்மா, ஒடம்புக்கு முடியலியா"ன்னு கேக்கறா. இன்னான்னு சொல்றது அவகிட்ட?

— ஊரு ஒலகத்துல இல்லாததா? ஷூ குடுக்கறவரு அவரு. ஐயா மனசு கோணினா டீமே இல்ல.

— அவனும் ஷூ வாணான்னு சொல்லல. அவன் ஜெயிச்சுக் குடுத்தா தோள்ல தூக்கிக்கினு ஐயா ஊட்டு வாசல் வரைக்கும் வராங்களாம். வாசல்ல எறக்கி வுட்டுட்டு, அவங்க அப்டி உள்ள, இவன் இப்டி சுத்திக்கினு கொட்டாவுக்கு. "தோள்லேர்ந்து எறங்கற எடம்தான்கா தாங்கல"ன்றான். ஒங்கிட்ட சொன்னானாமே. "மாமா, நீ கேப்டன். ஐயாகிட்ட ஒரு வார்த்த கேளு, நீ கேட்டா நான் ஓடறேன்"னு.

— ஃபைனல் முடியட்டும்னேன். அவன் பொறுக்கல.

— மீட்டிங்குல அவன அனுப்பிடலாம்னு மொதல்ல கை தூக்கினது யாரு?

— நான் தூக்கலன்னாலும் மத்தவங்க தூக்கியிருப்பாங்க.

— மொதல்ல யாரு?

— …கேப்டன்தான மொதல்ல தூக்கணும்.

— அப்டியா மொற?

— சாராளு, கேளு. அவசரப்பட்டான் ஒன் தம்பி. அது ஒண்ணுதான் அவன் செஞ்ச தப்பு. நேத்து இன்னா நடந்துச்சு தெரியுமா? இருந்திருந்தா அவனே கண்ணால பாத்திருப்பான்.

— இன்னா நடந்துச்சு?

— ஜெயிச்சதும் ஐயா கிரவுண்டுக்கே வந்துட்டாரு. ரோசு கலரு சோடா, ஒரு கூட நெறைய. பாட்டல ஒடச்சு ஒடச்சு அவரு கையாலயே கப்புல ஊத்தினாரு. அல்லாரும் கப்புலயே மாத்தி மாத்திக் குடிச்சோம். கோபாலு குடிச்சான், ஜெயராஜு குடிச்சான், மணவாளன் குடிச்சான். டம்ளரும் இல்ல, ஒண்ணும் இல்ல.

— நீ?

— அல்லாரும்னா நான் இல்லாமயா?

— நெசமாவா?

— கேப்டனுக்கு இல்லாத கப்பா?

— ஐயா பாத்துக்கினு இருந்தாரா?

— அவருதான ஊத்தினாரு.

— நம்ம வாய் வெச்ச கப்புல, பொறவு அவங்களும் வாய் வெச்சாங்களா?

— அதான் சொல்றேன்ல. எத்தினி வாட்டி கேப்ப?

— இன்னொரு வாட்டி கேக்கலாம்னுதான். …யப்பா. தானியேலு, இத்த ஏன்யா நீ மொதல்லயே சொல்லல? கப்பு கப்புன்னு கத்திக்கினே இருந்தியே, இதுதான்யா கப்பு. நீ யாருகிட்டயும் மன்னாப்புக் கேக்க வாணாம். நீ போட்டோவுக்குப் போ. பத்து மணி வண்டியில நானே பூண்டிக்குப் போறேன்.

— எதுக்கு?

— அவங்கிட்ட சொல்லத்தான். "டேய், ஒங்க மாமன் கப்புல குடிச்சாருடா, ஐயா கையால ஊத்திக் குடுத்தாரு. நீ நின்ன நெலைக்குத்தான்டா அது மாறிச்சு"ன்னு சொல்லுவேன். அதக் கேட்டா வந்துருவான். மடியில பாப்பாவ வெச்சிக்குவான். ஒங்க டீமுக்கே திரும்பி வந்தாலும் வருவான்.

— வாணாம்.

— ஏன்?

— அவங்கிட்ட இதெல்லாம் சொல்ல வாணாம். நானே ஒரு நாளு போயிச் சொல்லிக்கறேன்.

— காது குத்து ஞாயித்துக்கெழமயா. ஒரு நாளு எப்ப?

— பேஜாரு பண்ணாத சாராளு. சொன்னா வுடேன்.

— நல்ல சேதிய யாராச்சும் பொத்தி வெப்பாங்களா? ஒனுக்கு வெக்கமா கீது, மூஞ்சி தெரியுது. அவன் எதுருல போயி நிக்கறதுக்கு. பரவால்ல, எனுக்கு இல்ல. இன்னிக்கு எனுக்கு எதுவும் இல்ல. இரு, ஒன் ஜெர்சிய அலசிப் போட்டுட்டுக் கெளம்பறேன். சேறோட கெடந்தா கறையாப் பூடும். பையக் குடு.

— பைய வுடு. நான் அலசிக்கறேன்.

— நீயா? கண்ணாலம் ஆனதுலேர்ந்து ஒரு கோமணம் அலசினவன் இல்ல.

— வுடுன்றேன்ல. போட்டோவுக்கு எடுத்துக்கினு போவணும்.

— அழுக்கு ஜெர்சியா போட்டோவுக்கு? இழுக்காத, காது அறுந்துரும். இன்னாது இது, கனமா… தானியேலு. ஜெர்சிக்குள்ள சுத்தி வெச்சிருக்கறது நம்ம பச்சைக் கரை டம்ளரு. எறும்பு மொய்க்குது. அடியில ரோசு கலரு காஞ்சு ஒட்டிக்கினு கீது. அல்லாரும் கப்புல குடிச்சாங்களே, நீ எதுலய்யா குடிச்ச?